கடைசிப் பிரிவு

வெள்ளிக்கிழமை வர்த்தமானி வரும்.
ஊரில் பாதி கோயிலுக்கும் பாதி ஜும்ஆவுக்கும் போயிருக்க
சங்கக் கந்தோரில் நான்
பதிவிறக்கம் முடியக் காத்திருப்பேன்.

கரையோரப் பயன்பாட்டுச் சட்டமூலம்,
இருபத்தெட்டுப் பக்கம்.
பக்கத்துக்குப் பத்து ரூபா என்றான்
போட்டோகொப்பிக் கடை இர்ஷாத்.
தலைப்பைப் பார்த்துவிட்டு எட்டு என்றான்.
அவன் மாமா கிண்ணியாவில் கரைவலைச் சம்மாட்டி.

நான் சட்டம் படித்தவள் அல்ல.
கருவாட்டு நிறையும் கடன் தவணையும் எழுதுகிறவள்.
கூட்டலில் ஐம்பது சதம் பிசகினாலும்
நித்திரை வராது, அவ்வளவுதான்.

பதினோராம் பிரிவில் பிசகியது.
தமிழில் இருந்தது:
வழமையாகக் கரையைப் பயன்படுத்துவோர்.
விமலதாசவின் மகள் சந்துனி
சிங்களப் பிரதியில் விரலை வைத்து வாசித்தாள்,
திரும்பவும் வாசித்தாள்.
"அனுமதிப்பத்திரம் உள்ளவங்க எண்டுதான் அக்கா இதில இருக்கு."

சாம்பல்தீவு தொடங்கிக் குச்சவெளி வரை
எத்தனை பேரிடம் இருக்கிறது பத்திரம்?
தொண்ணூறில் ஓடியபோது
வலையையே விட்டு ஓடினவர்கள்
கடதாசியையா தேடி எடுத்திருப்பார்கள்?

கையெழுத்து வாங்கப் போனேன்.
"பார்லிமெண்டுக்கு மீன் வெடில் பிடிக்குமோ?"
கேட்டுவிட்டுப் போட்டார் ஞானப்பிரகாசம்.
சல்லியில் ஒருத்தி
கடலுக்குப் போன புருஷனின் பெயரை எழுதினாள்.
வெட்டிவிட்டு உன் பெயரை எழுது என்றேன்.
பேனையைப் பிடித்தபடி
வெகுநேரம் நின்றுதான் எழுதினாள்.

பஸ் நிலையத்தில், என் பைக்குள் தலையை விட்டு
நாலாம் பக்கத்தை இழுத்து மென்றது ஒரு மான்.
முப்பத்தொரு பெயர்.
அடுத்த நாள் திரும்பவும் வீடு வீடாகப் போனேன்.
முப்பதுதான் கிடைத்தது.
ஒருவன் அதற்குள் கட்டாருக்குப் போய்விட்டான்.

இரவு பஸ்ஸில் கொழும்பு.
குழு அறையில் மார்கழிக் குளிர்.
எனக்கு நாலு நிமிடம்,
அதில் இரண்டை மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொண்டார்.
உரைகள் இரண்டும் பொருந்தவில்லை என்றேன்.
தலைவர் கண்ணாடியைக் கழற்றி,
"நல்ல விடயம், கவனத்தில் எடுத்தோம்" என்றார்.
தேநீர் தந்தார்கள். நல்ல தேநீர்.

விவாதத்தன்று கைபேசியை
மீன் தராசில் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.
வெறும் கதிரைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார் ஒருவர்.
குழுநிலையில், பதினோராம் பிரிவு, தமிழ் உரையில் திருத்தம்.
ஞானப்பிரகாசம் கைதட்டினார்.
நான் சொல் வரட்டும் என்று இருந்தேன்.

வழமையாகக் கரையைப் பயன்படுத்துவோர் என்பதற்குப் பதிலாக
அனுமதிப்பத்திரம் உடையோர்.

பிசகு நேராக்கப்பட்டது.
நான் காட்டிக்கொடுத்த பிசகு.
தராசு, நூற்றித்தொண்ணூறு கிராம் என்று
பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது.

"பேசாமல் இருந்திருக்கலாம்," யாரோ சொன்னார்கள்.
எல்லாச் சட்டத்திலும் கடைசிப் பிரிவு ஒன்றுண்டு,
எனக்கு அது மனப்பாடம்:
ஒவ்வாமை ஏற்படும்பட்சத்தில்
சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்.
வாயை மூடியிருந்தாலும் அந்தத் தமிழ்ச் சொல்
ஒருநாளும் எங்களைக் காத்திராது.
இதை இரவு முழுக்க எனக்கே சொன்னேன்.
பாதி நம்பினேன்.

பத்திரம் யாருக்கு, எப்படி என்பது
ஒழுங்குவிதியில் வருமாம்.
யார் எழுதுகிறார், எந்த மேசையில்,
எங்கள் பக்கம் யாரைக் கேட்டார்?
தகவல் கோரிக்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.
பதினாலு வேலை நாள்.
அமாவாசைக்கு வட்டம் போடும் கலண்டரில்
அதற்கும் ஒரு வட்டம்.

"இந்த வெள்ளியும் வருமோ?"
படியில் நின்று கேட்டார் ஞானப்பிரகாசம்.
வரும்.
நாங்கள் பார்க்காவிட்டாலும் வரும்.

இர்ஷாத் இன்னும் எட்டு ரூபாதான் எடுக்கிறான்.
தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று என்றேன்.
விரலில் எச்சில் தொட்டுக்
கடதாசியை எண்ணத் தொடங்கினான்.